பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாட்டைத் தேடி

பள்ளி விடுமுறையில் தலைநகருக்குப் போகிறவர்கள் துணிமணி வாங்கப் போவார்கள். பிள்ளைகளுக்கு இரட்டைக் கோபுரம் காட்டப் போவார்கள். சென்ற ஆண்டு நான் போனது ஒரு பாட்டைத் தேடி. கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அன்பு வாசகர்களே, அந்தப் பாட்டு கிடைக்காமல் திரும்பினால் என் அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற கவலையோடுதான் அன்று விடியுமுன் பஸ் ஏறினேன்.

எங்கள் வீடு கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டம். நான் சிறுமியாக இருந்தபோது எங்கு பார்த்தாலும் பால்மரம். இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. அப்பா கத்தோலிக்கர். அம்மா லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவர். "வேறு சபைக்குப் பெண் கொடுப்பதா?" என்று அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டார்கள். அம்மாவின் சொந்தத் தங்கை, என் சின்னம்மா, கல்யாணத்துக்கே வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அப்பாவின் கோயிலுக்கே வந்துவிட்டார். ஜெபமாலை சொன்னார். மாதா பாட்டுகளை எங்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார். ஆனால் பிறந்த வீட்டுச் சீதனமாக ஒன்றை மட்டும் விடவில்லை. பொழுது சாய்ந்து, விளக்கைப் போட்டு, உலையில் அரிசியைக் களைந்து போட்டபின் ஒரு பாட்டுப் பாடுவார். பொழுது இருட்டிவிட்டது, எல்லாரும் போய்விட்டாலும் நீர் மட்டும் என்னை விட்டுப் போகவேண்டாம் என்று ஆண்டவரிடம் கேட்கிற பாட்டு அது. ஆங்கிலத்தில் 'அபைட் வித் மீ' என்பார்கள்.

அம்மா இறந்த இரவு லயத்து வாசலில் கூடாரம் போட்டிருந்தோம். பக்கத்து வீட்டு இந்து சகோதரர்கள் அடுப்பு மூட்டித் தேநீர் கலக்கினார்கள். லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்கர் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் அப்பா மெல்ல, "அவ பாட்டைப் பாடுங்களேன்" என்றார். முதல் சரணத்தை நான்கைந்து பேர் பாடினோம். இரண்டாவது சரணம் வந்தபோது ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். மெட்டை முனகினோமே தவிர சொல் வரவில்லை. மெட்டும் நின்றது. அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "யாருக்கும் வரலையா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தினமும் காதில் விழுந்த பாட்டு. பெற்ற மகள் நான், அதுவும் ஓர் ஆசிரியை, ஒரு சரணத்துக்கு மேல் கற்றுக்கொள்ளவில்லையே!

ஓராண்டு நினைவு நாள் நெருங்கியது. இந்த முறையாவது முழுப் பாட்டையும் பாடிவிடவேண்டும் என்று உறுதி செய்தேன். கைப்பேசியில் தேடினால் பாட்டு கிடைத்தது. வாத்தியங்கள் முழங்க யாரோ இளைஞர்கள் பாடியிருந்தார்கள். அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். "பாட்டு இதுதான். ஆனா உங்கம்மா பாடினது இது இல்லை" என்றார். என்ன வித்தியாசம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் எங்கள் தோட்டத்துப் பாட்டுக்காரப் பாட்டியின் நினைவு வந்தது. அம்மாவோடு ஒரே நிரையில் பால்மரம் சீவியவர். மரங்களை அழித்தபோது மகளோடு பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிபெயர்ந்தவர். அவரைத் தேடித்தான் இந்தப் பயணம்.

செங்கல் சூளையும் ரயில் தண்டவாளமும்

கிள்ளான் வரை பஸ். அங்கிருந்து கொமுட்டர் ரயில். கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் கூப்பிடு தூரம். ஊரின் பெயரிலேயே செங்கல் இருக்கிறது. 1881-இல் கோலாலம்பூரில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரமும் அத்தாப்புமாக இருந்த வீடுகளை அழித்தன. இனி செங்கல்லால் கட்டவேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம் இது. பிறகு ரயில்வே வந்தது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த நம்மவர்கள் ரயில்வேயில் வேலை பார்த்து இங்கே குடியிருந்தார்கள். 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இருவரும் சேர்ந்து இதை 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைத்தார்கள். வளைவுகளும் வண்ணமும் வந்தது அப்போதுதான். மல்லிகைச் சரமும் முறுக்கு வாசனையும் அதற்கு முன்பே இருந்தன.

இந்தச் சின்ன வட்டாரத்துக்குள் எத்தனை வழிபாட்டு இடங்கள்! இலங்கைத் தமிழர் கட்டிய கந்தசுவாமி கோயில் ஒரு பக்கம், புத்த மகா விகாரை ஒரு பக்கம். கிறிஸ்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் லுத்தரன் ஆலயம், தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், பாத்திமா மாதா கோயில், கூர்மையான வளைவுகளோடு நிற்கும் ஜெபமாலை மாதா கோயில், கேரளத்தவரின் சிரியன் ஆலயம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு இத்தனை கதவுகளா என்று பிற சமயத்து நண்பர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அன்று ஒரு பாதிப் பதில் கிடைத்தது.

பாட்டி சொன்ன இரகசியம்

லுத்தரன் ஆலயம் 1924-இல் கட்டப்பட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை தொடங்கிவிட்டது. சந்தடியில்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்தேன். முதலில் பாடியது மூவொரு கடவுளைப் புகழும் ஒரு பழைய பாமாலை. அடடா, இதை நாங்கள் எங்கள் கோயிலில் ஆங்கிலத்தில் பாடுவோமே! என் வாய் தானாகவே மெட்டைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பாட்டின் கதை நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. எழுதியவர் ரெஜினால்ட் ஹீபர் என்ற ஆங்கிலிக்கன் பேராயர். கல்கத்தாவில் பேராயராக இருந்தவர், தென்னாட்டுக்குப் பயணம் வந்தார். 1826-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் காலையில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் கொடுத்துவிட்டு வந்தவர், குளிக்கப்போன இடத்தில் உயிர்விட்டார். வயது 42. திருச்சியிலேயே அடக்கமானார். தமிழ் மண்ணில் உறங்கும் ஓர் ஆங்கிலிக்கனின் பாட்டை மலேசியாவில் லுத்தரன்கள் தமிழில் பாட, கத்தோலிக்கப் பெண் ஒருத்தி பின்வரிசையில் கூடப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் பாட்டியைக் கண்டுபிடித்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். கண் மங்கல். ஆனால் குரலைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு, டீச்சரா? உங்கம்மா சாவுக்கு வரமுடியலைம்மா. காலு தூக்கமாட்டேங்குது."

மகளின் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே அவருடைய சிநேகிதர் ஒருவரும் வந்திருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; மெதடிஸ்ட் சபையில் நெடுங்காலம் பாடகர் குழுவில் நின்றவர். ஞாயிறு மதியம் பாட்டி வீட்டில் தேநீர் குடிப்பது அவர் வழக்கமாம். வந்த காரியத்தைச் சொன்னேன். பாட்டி அட்டை போன பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். படிக்க அல்ல, மடியில் வைத்துக்கொள்ள மட்டும். கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் ரயில்வே ஐயா அடிக்குரலில் சேர்ந்துகொண்டார். சரணம் சரணமாக, ஒரு சொல் தடுக்கவில்லை. நான் கைப்பேசியில் பதிந்துகொண்டே தாளிலும் எழுதினேன். எழுத்து நனைந்தது.

"பாட்டி, அம்மா பாடினது இதுதானா? அப்பா வேறே மாதிரி இருந்துச்சுன்னு சொல்றாரு."

பாட்டி சிரித்தார். "அது உங்கப்பாவுக்கே தெரியாதா? நாங்க 'கர்த்தரே'ன்னு பாடுவோம். உங்கம்மா கல்யாணம் ஆகிப்போன புதுசுல, 'மாமியார் காதுக்கு அது புதுசா இருக்குக்கா, வேதக்காரப் பாட்டுன்னு முகத்தைச் சுளிக்கிறாங்க'ன்னு சொன்னா. அப்புறம் அவளே 'ஆண்டவரே'ன்னு மாத்திக்கிட்டா. மெட்டுக்குள்ள அடங்காது. அந்த இடத்தைக் கொஞ்சம் வேகமா உருட்டிப் பாடுவா. 'இப்ப ரெண்டு வீட்டுக்கும் பொது'ன்னு சொல்லுவா."

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா அந்தச் சொல்லை உருட்டிப் பாடுவது ஞாபகம் வந்தது. அதுதான் மெட்டு என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். இரண்டு வீடுகளுக்கு நடுவே நின்ற பெண் ஒருத்தி, சண்டை போடாமல், யாரிடமும் சொல்லாமல், ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பாலம் போட்டிருக்கிறாள்.

'எங்கள் பாட்டு'

"இது எங்க பாட்டும்மா, லுத்தரன் பாட்டு" என்று பாட்டி பெருமையோடு சொன்னார். ரயில்வே ஐயா விடவில்லை. "அதெப்படி? மெதடிஸ்ட் சபையிலே எந்த அடக்கமானாலும் கடைசிப் பாட்டு இதுதான். அந்தக் காலத்துல தோட்டங்களுக்கு போதகர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். சாவு அவருக்காகக் காத்திருக்குமா? பாட்டுத் தெரிஞ்சவங்க நாலு பேர் கூடி அடக்கம் பண்ணிடுவோம். எந்தச் சபைன்னு யாரு கேட்டா?" என்றார்.

மாலையில் பாத்திமா மாதா கோயிலுக்குப் போனேன். பாடகர் குழுவைச் சேர்ந்த ஓர் அக்காவைச் சந்தித்து, நினைவுத் திருப்பலியில் இந்தப் பாட்டைப் பாடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "ஏன் இப்படிப் பயப்படுறீங்க? இது நம்ம பாட்டுதானே! இங்கிலீஷ் அடக்கப் பூசைகள்ல எத்தனை தடவை பாடியிருக்கோம்! உங்க பங்குத் தந்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. நன்மை வாங்கினபிறகு பாடினா ரொம்பப் பொருத்தமா இருக்கும்" என்றார்.

ஒரே நாளில் மூன்று பேர் "எங்கள் பாட்டு" என்றார்கள். உண்மையில் எழுதியவர் மூன்று சபையிலும் சேராதவர். ஹென்றி பிரான்சிஸ் லைட் என்ற அவர், இங்கிலாந்தின் தென்மேற்கில் பிரிக்சம் என்ற மீன்பிடி ஊரில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவர். நெஞ்சு நோயால் அவதிப்பட்டு, குளிருக்குப் பயந்து தெற்கே போனவர், 1847-இல் இன்றைய பிரான்சுக் கடற்கரையில் உள்ள நீஸ் நகரில் இறந்தார். இன்று உலகம் பாடும் மெட்டை வில்லியம் ஹென்றி மங்க் என்பவர் 1861-இல் அமைத்தார். லைட் அந்த மெட்டைக் கேட்டதே இல்லை. காந்தியடிகள் கிறிஸ்தவர் அல்லர். அவருக்கும் இது மிகப் பிடித்த பாட்டு. டில்லியில் குடியரசு நாள் விழாவின் முடிவில் படைகள் பாசறை திரும்பும் மாலையில் பல்லாண்டுகள் இதை வாசித்தார்கள், 2022-இல்தான் நிறுத்தினார்கள்.

பிற பாட்டுகளின் பூர்வீகத்தைத் தேடினாலும் கதை இதுதான். கிறிஸ்துமஸ் இரவில் எல்லாச் சபைகளிலும் பாடும் 'சைலண்ட் நைட்' பாட்டை எழுதிய யோசப் மோர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1818-இல் ஆஸ்திரியாவில் ஒரு சிற்றூர்க் கோயிலில் முதன்முதலாகப் பாடினார்கள். நம் தமிழ்க் கீர்த்தனைகளும் அப்படித்தான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்து, ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்து, லுத்தரன் ஆனவர். அவருடைய கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-இல் அச்சிட்டவர் எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர். அவரோ வேறொரு சபை. அங்கிருந்துதான் அவை ஊர் ஊராகப் போயின. கப்பலேறி மலாயா வந்த பெட்டிகளுக்குள்ளும் அந்தப் புத்தகங்கள் இருந்தன. புத்தகம் இல்லாதவர்கள் நாக்கில் சுமந்து வந்தார்கள்.

கத்தோலிக்கருக்கு இன்னொரு கதவும் திறந்தது. அப்பா சிறுவராக இருந்தபோது பூசை லத்தீனில்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் கொடுத்தது. பூசை தமிழுக்கு வந்தபின் தமிழ்ப் பாட்டுகளுக்குத் தேவை பெருகியது. அண்டை வீட்டுப் பாட்டு நம் வீட்டுக்குள் வர அதுவும் ஒரு வழியாயிற்று.

எல்லாப் பாட்டும் எல்லை தாண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மாதா பாட்டுகளை லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் பாடமாட்டார்கள். அவரவர் கொள்கை அவரவருக்கு. சொற்களும் வேறு. அவர்கள் ஆராதனை என்பதை நாங்கள் திருப்பலி என்கிறோம். அவர்களுக்குக் கர்த்தர், எங்களுக்கு ஆண்டவர். அவர்களுக்குப் பரிசுத்த ஆவி, எங்களுக்குத் தூய ஆவி. 1995-இல் தமிழகத்தில் இரு தரப்பு அறிஞர்களும் கூடி உழைத்துத் திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். கத்தோலிக்கர் அதை ஏற்றுக்கொண்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் பழகிய பழைய வேதாகமத்தையே வைத்துக்கொண்டார்கள். அறிஞர்கள் கூடியும் முழுதாக முடியாத காரியத்தை, அடுப்படியில் நின்ற பெண்கள் பாட்டில் கொஞ்சமாவது முடித்திருக்கிறார்கள்.

நினைவு நாள்

ஊர் திரும்பியதும் உறவுப் பிள்ளைகள், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகள் என்று எட்டுப் பேரை எங்கள் வீட்டு வாசலில் மாலைதோறும் உட்காரவைத்துப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். கிட்டாரும் கைத்தட்டலுமாகப் பாடிப் பழகியவர்கள். "ரொம்ப மெதுவா இருக்கு டீச்சர்" என்று முதல்நாள் நெளிந்தார்கள். இது பொழுது சாயும்போது பாடுகிற பாட்டு, பொழுது மெதுவாகத்தான் சாயும் என்றேன். மூன்றாம் நாள் நெளிவு நின்றது. பங்குத் தந்தையும் தடை சொல்லவில்லை.

நினைவு நாளன்று எங்கள் சிறு கோயில் நிரம்பிவிட்டது. லயத்து மெதடிஸ்ட் குடும்பங்கள் வந்திருந்தன. யாரும் எதிர்பாராத ஒருவரும் வந்தார்: சின்னம்மா. அக்காள் கல்யாணத்துக்கு வராதவர், அக்காளின் நினைவுப் பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார்.

நன்மை வழங்கி முடிந்தது. பிள்ளைகள் தொடங்கினார்கள். நாங்கள் 'ஆண்டவரே' என்றோம். பின்வரிசையில் சின்னம்மாவும் மெதடிஸ்ட் பெண்களும் 'கர்த்தரே' என்றார்கள். இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அவர்கள் முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். நாங்கள் அம்மாவைப் போல் உருட்டிக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்ந்தோம். அடுத்த வரி எல்லாருக்கும் ஒன்றே. இப்படியே ஒவ்வொரு சரணத்திலும் பிரிந்து பிரிந்து சேர்ந்தோம். யாரும் தங்கள் சொல்லை விடவில்லை. பாட்டும் நிற்கவில்லை. இரண்டாவது சரணம் தாண்டியபோது அப்பாவைப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது.

வெளியே வந்தபின் சின்னம்மா என் அருகில் வந்தார். "எல்லாச் சரணமும் எங்கே கிடைச்சது?" என்று கேட்டார். தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், என் எழுத்தில் 'ஆண்டவரே' என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு தாளை மடித்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பொழுது சாயும் நேரத்தில் தமக்குத் தாமே பாடிக்கொள்ளும் ஒரு பாட்டியோ அம்மாவோ இருக்கக்கூடும். அது எந்தச் சமயத்துப் பாட்டாகவும் இருக்கட்டும். முதல் சரணத்தோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிச் சரணம் வரை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லை மாற்றிப் பாடுகிறார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். நான் கேட்கத் தவறினேன். அதற்காகப் பிரிக்பீல்ட்ஸ் வரை போகவேண்டியிருந்தது.